முதுமையும் நீரிழிவும்: தமிழ்நாட்டில் மரபணு வெளிப்பாட்டு ஆய்வுகள் நடந்து வந்த பாதை

மரபணு வெளிப்பாடு என்பது உயிரணுவுக்குள் இருக்கும் ஒரு மரபணுவின் செய்தி ஆர்.என்.ஏ-வாகப் படியெடுக்கப்பட்டு, பெரும்பாலும் புரதமாக உருப்பெறும் நிகழ்வு ஆகும். ஒருவருடைய தோலிலும் ஈரலிலும் கணையத்திலும் உள்ள மரபணுத் தொகுதி ஒன்றே. ஆனால் எந்த மரபணு எந்த இடத்தில் எவ்வளவு படியெடுக்கப்படுகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும், வயதோடு மாறும், நோயோடும் மாறும். இரண்டாம் வகை நீரிழிவு உள்ள முதியவர்களிடம் இந்த மாற்றங்கள் எவை, அவற்றில் எது முதுமையின் வேலை, எது சர்க்கரையின் வேலை என்ற கேள்வி கடந்த இருபது ஆண்டுகளாக உலகெங்கும் ஆராயப்படுகிறது. இந்தியாவில் இந்தக் கேள்விக்கான பணியில் குறிப்பிடத்தக்க பங்கு சென்னையில் நடந்தது. அது மரபணுவில் தொடங்கவில்லை. குடும்ப வரலாற்றைக் கேட்டு எழுதிக்கொண்ட மருத்துவர்களிடம் தொடங்கியது.

குடும்பத்தில் வரும் நோய்

நீரிழிவை மதுமேகம் என்ற பெயரில் நம் பழைய மருத்துவ மரபுகள் அறிந்திருந்தன. நவீன மருத்துவத்தில் அதற்கெனத் தனிப்பிரிவு வேண்டும் என்று எண்ணி, 1948-இல் சென்னை இசுடான்லி அரசு மருத்துவமனையில் நீரிழிவு மருத்துவப் பிரிவைத் தொடங்கியவர் பேராசிரியர் எம். விசுவநாதன். நாட்டில் இவ்வாறு தொடங்கப்பட்டவற்றுள் இதுவே முதலாவது எனப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. 1954-இல் அவர் இராயபுரத்தில் நிறுவிய மருத்துவமனை பின்னர் நீரிழிவுக்கான ஆய்வு நிலையமாகவும் வளர்ந்தது. அவருடைய மகன் வி. மோகன், உடன் பணியாற்றிய அ. இராமச்சந்திரன், சி. சினேகலதா ஆகியோர் அடுத்த தலைமுறையின் முதன்மை ஆய்வாளர்கள் ஆயினர்.

இக்குழு 1985-இல் 'டயபெட்டோலோஜியா' இதழில் வெளியிட்ட கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. தாய், தந்தை இருவருக்கும் நீரிழிவு உள்ள குடும்பங்களின் பிள்ளைகளைச் சோதித்தபோது, ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நீரிழிவு இருந்தது. மேலும் சிலருக்கு அதன் முந்தைய நிலை இருந்தது. அக்காலத்து ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியதைவிட இது மிக அதிகம். அதே 1985-இல் இலண்டனின் சவுத்தால் பகுதியில் எடுத்த கணக்கெடுப்பும், அங்கு வாழ்ந்த தெற்காசியரிடம் நீரிழிவு மற்றவர்களைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு இருப்பதாகச் சொன்னது.

இரண்டையும் சேர்த்துப் படித்தவர்களுக்கு முடிவு எளிதாகத் தோன்றியது: இது நம் இரத்தத்தில் இருக்கிறது. 'எங்க அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் வந்துவிட்டது' என்ற பேச்சு மருத்துவமனை வாசலில் இன்றும் கேட்பதற்கு இந்த எண்ணமே அடிப்படை. ஆனால் குடும்பம் என்பது மரபணுவை மட்டும் தருவதில்லை. ஒரே அடுப்பு, ஒரே உணவு, ஒரே வேலைப் பழக்கம் ஆகியவற்றையும் அதுவே தருகிறது. பரம்பரையின் பங்கு உண்மையானது. எவ்வளவு பங்கு என்பதில்தான் சிக்கல்.

நாற்பது ஆண்டில் மரபணு மாறாது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1972 முதல் 1975 வரை நடத்திய பன்மையக் கணக்கெடுப்பில் நீரிழிவு நகரத்தில் 2.1 விழுக்காடாகவும் ஊரகத்தில் 1.5 விழுக்காடாகவும் இருந்தது. அன்றைய அளவுகோல் இன்றையதிலிருந்து வேறுபட்டது என்பதால் இவ்வெண்களை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. எனினும் போக்கு தெளிவானது. இராமச்சந்திரன் குழு 1992-இல் வெளியிட்ட ஆய்வில் சென்னை நகரத்தில் 8.2 விழுக்காடு, அதைச் சார்ந்த ஊர்ப்புறத்தில் 2.4 விழுக்காடு. அதே குழு 2006-இல் எடுத்த கணக்கில் மாநகரத்தில் 18.6, சிறுநகரத்தில் 16.4, நகரை ஒட்டிய ஊர்களில் 9.2 விழுக்காடு. 2023-இல் வெளியான நாடு தழுவிய 'இந்தியாப்' ஆய்வு, தமிழ்நாடு முழுவதற்கும் 14.4 விழுக்காடு என்று கணித்தது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு உள்ளதாகவும் மதிப்பிட்டது.

இடைப்பட்ட காலத்தில் தமிழர்களின் மரபணு எழுத்துகள் மாறிவிடவில்லை. ஒரு தலைமுறைக்குள் அவை மக்கள் தொகை அளவில் மாறவும் மாறா. மாறியவை உணவும் உழைப்பும் ஆயுளும். தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவில் பக்கம் உள்ள குருவிகுளம் போன்ற கரிசல் ஊர்களை எடுத்துக்கொள்வோம். மானாவாரியில் கம்பும் சோளமும் விளைந்த நிலம் அது. தட்டில் தவசங்கள் குறைந்து வெள்ளரிசி நிறைந்தது. காலால் நடந்த தொலைவைப் பேருந்தும் இருசக்கர வண்டியும் எடுத்துக்கொண்டன. அறுபதைத் தாண்டி வாழ்பவர்கள் பெருகினர். சென்னை ஆய்வுகளில் தீட்டிய தானியங்களை மிக அதிகமாக உண்டவர்களிடம் நீரிழிவும் அதிகமாகக் காணப்பட்டது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எழுத்து மாறவில்லை, நோய் மட்டும் பல மடங்கானது என்றால், எழுத்து எப்படி வாசிக்கப்படுகிறது என்பதைப் பார்க்கத்தானே வேண்டும்? ஆய்வு உலகம் அந்த இடத்துக்கு வர இன்னும் சில ஆண்டுகள் ஆயின. முதலில் அது எழுத்தையே தேடியது.

எழுத்தைத் தேடிய ஆண்டுகள்

வி. மோகன் தலைமையில் 1996-இல் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் உருவானது. 2001-இல் தொடங்கிய 'கியூர்சு' எனப்படும் சென்னை நகர்ப்புற ஊரகக் கொள்ளைநோயியல் ஆய்வுக்காக, மாநகராட்சியின் 155 வட்டங்களில் 46-ஐத் தேர்ந்து, 20 வயது நிரம்பிய 26,001 பேரை அந்நிறுவனம் சோதித்தது. அப்போது சேகரித்த இரத்த மாதிரிகளே பின்னர் வந்த பல மரபணு ஆய்வுகளுக்கு மூலப்பொருள் ஆயின.

2006-இல் ஐசுலாந்து ஆய்வாளர்கள் டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவில் ஒரு மாற்றுரு நீரிழிவு வாய்ப்பைக் கூட்டுவதாகக் கண்டனர். அடுத்த ஆண்டே சென்னையிலும் அது உறுதியானது. ஆனால் எல்லாம் இப்படிப் பொருந்தவில்லை. பிபிஏஆர்-காமா என்ற மரபணுவின் ஒரு மாற்றுரு ஐரோப்பியரை நீரிழிவிலிருந்து ஓரளவு காப்பதாக அறியப்பட்டிருந்தது. சென்னையில் வாழும் தமிழர்களையும் அமெரிக்காவின் தாலசு நகரில் வாழும் தெற்காசியரையும் சேர்த்து ஆராய்ந்தபோது, அதே மாற்றுரு இருந்தும் அந்தக் காப்பு இவர்களுக்குக் கிடைக்கவில்லை என்று 2006-இல் வெளியான கட்டுரை காட்டியது. ஒரே எழுத்து, இரு உடல்களில் இரு விளைவு. ஐரோப்பியத் தரவைக் கொண்டு செய்யப்படும் சோதனைகளை அப்படியே நம் மக்களுக்குப் பொருத்துவது ஏன் தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு குறைவு. இன்று எச்சிலை அனுப்பினால் நீரிழிவு வருமா வராதா என்று சொல்வதாக விளம்பரப்படுத்தும் வணிகச் சோதனைகளைப் பார்க்கும் மாணவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

இதுவரை உலக அளவில் நீரிழிவோடு தொடர்புடைய நூற்றுக்கணக்கான மரபணு இடங்கள் கண்டறியப்பட்டுள்ளன. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றின் தாக்கமும் சிறியது. அவற்றுள் பெரும்பாலானவை புரதத்தின் வடிவத்தை மாற்றுவனவும் அல்ல. மரபணுக்களுக்கு இடைப்பட்ட பகுதிகளில், வெளிப்பாட்டைக் கூட்டிக் குறைக்கும் இடங்களில் அமைந்தவை. எழுத்தைத் தேடிப் போனவர்களை எழுத்தே வாசிப்பின் பக்கம் திருப்பிவிட்டது என்று சொல்லலாம்.

கிணறுகளும் நிலத்தடி நீரும்

ஆயிரக்கணக்கான மரபணுக்களின் ஆர்.என்.ஏ அளவை ஒரே நேரத்தில் அளக்க உதவும் நுண்வரிசைச் சில்லு 1995-இல் அமெரிக்காவின் இசுடான்போர்டு பல்கலைக்கழகத்தில் அறிமுகமானது. நீரிழிவில் அதன் பயனைக் காட்டிய புகழ்பெற்ற ஆய்வு 2003-இல் வந்தது. வம்சி மூத்தாவும் அவருடைய குழுவினரும் நீரிழிவு உள்ள, இல்லாத ஆண்களின் தொடைத் தசையிலிருந்து சிறு துண்டுகளை எடுத்து ஒப்பிட்டனர். முதலில் ஏமாற்றமே மிஞ்சியது. எந்தத் தனி மரபணுவும் நம்பத்தக்க அளவுக்கு வேறுபடவில்லை.

பிறகு அவர்கள் மரபணுக்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் வேலை அடிப்படையில் கூட்டம் கூட்டமாகப் பார்த்தனர். ஊரில் ஒரு கிணற்றில் தண்ணீர் ஒரு சாண் இறங்கினால் அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். எல்லாக் கிணறுகளிலும் ஒரு சாண் இறங்கியிருந்தால் நிலத்தடி நீர் இறங்கிவிட்டது என்று பொருள். அதைப்போல, மைட்டோகாண்டிரியாவில் ஆற்றல் உண்டாக்கும் வேலையைச் செய்யும் மரபணுக்கள் பலவும் ஒன்றுசேர்ந்து ஏறத்தாழ 20 விழுக்காடு தணிந்திருந்தன. இதற்காக அவர்கள் வகுத்த கணக்கு முறை இன்று உயிரியலின் எல்லாத் துறைகளிலும் பயன்படுகிறது.

முதுமையிலும் தசையில் இதே மரபணுக் கூட்டம் தணிகிறது என்பது பிற ஆய்வுகளில் தெரியவந்தது. ஆகவே 'நீரிழிவு என்பது விரைவுபட்ட முதுமை' என்ற கருத்து வலுப்பெற்றது. அழகான கருத்துதான். ஆனால் 2008-இல் அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தில் சிறீகுமாரன் நாயர் குழு நடத்திய ஆய்வு அதற்குக் குறுக்கே நின்றது. இந்திய வம்சாவளியினரின் தசையில் மைட்டோகாண்டிரியாவின் ஆற்றல் திறன் வட ஐரோப்பிய மூலத்தைச் சேர்ந்த அமெரிக்கரைவிட அதிகமாக இருந்தது. நீரிழிவு உள்ள இந்தியரிடமும் அப்படியே. இன்சுலினுக்கு உடல் பணியாத நிலையும் அவர்களிடமே கூடுதல். ஆற்றல் உற்பத்தி குறைந்ததால்தான் நீரிழிவு வருகிறது என்ற விளக்கம் நம் மக்களுக்கு அப்படியே பொருந்தவில்லை.

சென்னை ஆய்வகத்தின் நான்கு கட்டுரைகள்

எம். பாலசுப்பிரமணியம் தலைமையில் சென்னை நிறுவனத்தின் உயிரணு ஆய்வுப் பிரிவு செய்த பணி இந்த வரலாற்றின் நடுப்பகுதி. நான்கு கட்டுரைகளை வரிசையாகப் பார்த்தால் சிந்தனை நகர்ந்த விதம் புரியும்.

முதலாவது 2005-ஐச் சேர்ந்தது. அது டெலோமியரைப் பற்றியது. புடவைத் தலைப்பில் நூல் பிரிந்துவிடாமல் முடிச்சிட்டுக் குஞ்சம் கட்டுவார்கள் அல்லவா, குரோமோசோமின் நுனியில் டெலோமியர் செய்வது அந்த வேலையையே. உயிரணு பிரியும்தோறும் அது சற்றுக் குறையும். மிகவும் குறைந்தபின் உயிரணு பிரிவதை நிறுத்திவிடும். மனித உயிரணுக்கள் ஏறத்தாழ ஐம்பது முறைக்கு மேல் பிரிவதில்லை என்று 1961-இலேயே லெனார்டு ஹேபிளிக் காட்டியிருந்தார். சென்னையில் நீரிழிவு உள்ள 40 பேரையும் இல்லாத 40 பேரையும் ஒப்பிட்டபோது, நீரிழிவு உள்ளவர்களின் வெள்ளையணுக்களில் நுனித்துண்டின் சராசரி நீளம் ஏறத்தாழ 6,000 கார இணைகள்; மற்றவர்களிடம் ஏறத்தாழ 9,000. கொழுப்பும் புரதமும் ஆக்சிசனேற்றத்தால் சிதையும் அடையாளங்களும் நீரிழிவு உள்ளவர்களிடமே கூடுதலாக இருந்தன. இது வெளிப்பாட்டு ஆய்வு அன்று. ஆனால் முதுமையையும் நீரிழிவையும் ஒரே மேசையில் வைத்த ஆய்வு.

இரண்டாவது 2011-இல் வந்தது. நுண் ஆர்.என்.ஏ எனப்படும் மிகச்சிறிய ஆர்.என்.ஏ-க்கள் புரதத்தை உண்டாக்குவதில்லை. பிற மரபணுக்களின் செய்தியைத் தடுத்து நிறுத்துகின்றன. 1993-இல் ஒரு சிறு புழுவில் இவற்றைக் கண்டறிந்த விக்டர் அம்புரோசு, கேரி ருவ்குன் இருவருக்கும் 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது. இவற்றுள் மைஆர்-146ஏ என்பது அழற்சிக்குத் தடைக்கட்டை போன்றது. நீரிழிவு உள்ளவர்களின் வெள்ளையணுக்களில் இந்தத் தடைக்கட்டை தளர்ந்திருந்தது என்றும், அது அடக்கி வைக்க வேண்டிய அழற்சி மரபணுக்களின் வெளிப்பாடு உயர்ந்திருந்தது என்றும் சென்னைக் குழு காட்டியது. காய்ச்சலோ வீக்கமோ இல்லாமல், ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும் மெல்லிய அழற்சி இது. முதுமையிலும் இதே வகை அழற்சி உண்டு.

மூன்றாவது 2016-ஐச் சேர்ந்தது. டி.என்.ஏ இழை இசுடோன் எனப்படும் புரதங்களின்மேல் சுற்றப்பட்டிருக்கும். சுற்று இறுகினால் மரபணு வாசிக்கப்படாது, தளர்ந்தால் வாசிக்கப்படும். சுற்றை இறுக்கும் நொதிகளுள் ஒன்றான எச்டிஏசி3 நீரிழிவு உள்ளவர்களிடம் உயர்ந்திருந்தது. எழுத்தைத் தொடாமல் வாசிப்பை மாற்றும் இந்த ஏற்பாடுகளை மேல்மரபியல் என்பர்.

நான்காவது 2018-இல் வெளியானது; நம் தலைப்புக்கு மிக அருகில் நிற்பது இதுவே. நீளமான, ஆனால் புரதம் தராத ஆர்.என்.ஏ-க்கள் பலவற்றை அளந்தபோது நீரிழிவு உள்ளவர்களிடம் அவற்றுள் பல உயர்ந்திருந்தன. கூடவே பி53, பி21, பி16 ஆகிய உயிரணு முதுமையின் அடையாளங்களும் உயர்ந்திருந்தன, டெலோமியர் குறுகியிருந்தது. 2005-இல் நுனி நீளமாகத் தெரிந்த ஒன்று, பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஒரு முழு வெளிப்பாட்டு ஒழுங்காகத் தெரிந்தது.

ஒன்பதாம் குரோமோசோமில் ஓர் இடம்

மேலே சொன்ன பி16-ஐச் சற்று நின்று பார்க்க வேண்டும். முதுமையும் நீரிழிவும் சந்திக்கும் இடம் என்று எதையாவது சுட்டிக்காட்டச் சொன்னால் நான் இதைத்தான் சுட்டுவேன்.

உயிரணு பிரிவதை நிறுத்தும் புரதம் பி16. வயது ஏற ஏறப் பல உறுப்புகளில் அது கூடும். புற்றுநோயைத் தடுப்பதற்கு அது தேவை. ஆனால் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா உயிரணுக்களும் அதனால் புதுப்பித்துக்கொள்ள முடியாமல் போகின்றன. 2006-இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஜானகிராமன் கிருஷ்ணமூர்த்தியை முதல் ஆசிரியராகக் கொண்டு 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை இதை எலிகளில் காட்டியது. பி16 இல்லாத முதிய எலிகளின் கணையத் திட்டுகள் கூடுதலாகப் பெருகின. பி16 கூடுதலாக உள்ள எலிகளின் திட்டுகள் இளமையிலேயே முதுமையைக் காட்டின.

இது வெளிவந்த அடுத்த ஆண்டு, ஆயிரக்கணக்கானோரின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட பெரிய ஆய்வுகள் ஒரே சமயத்தில் வெளியாயின. அவை நீரிழிவோடு தொடர்புள்ளதாகக் காட்டிய இடங்களுள் ஒன்று, ஒன்பதாம் குரோமோசோமின் குறுங்கையில், பி16-க்கான மரபணுவின் அருகிலேயே இருந்தது. அதே பகுதியிலிருந்து 'ஆன்ரில்' என்ற புரதம் தராத நீள ஆர்.என்.ஏ ஒன்றும் படியெடுக்கப்படுகிறது. சென்னையின் 2018 கட்டுரையில் உயர்ந்திருந்தவற்றுள் ஆன்ரிலும் ஒன்று. எலியின் முதுமையைப் பார்த்தவர்கள், மக்கள்தொகையைக் கணக்கிட்டவர்கள், சென்னையில் இரத்தத்தை அளந்தவர்கள் ஆகிய மூவரும் தனித்தனி வழியில் நடந்து ஒரே தெருவுக்கு வந்து சேர்ந்தனர்.

இத்துடன் கதை முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். 2016-இல் எருசலேம் ஆய்வாளர்கள், பி16 கூடிய பீட்டா உயிரணுக்கள் இன்சுலினைக் கூடுதலாகச் சுரப்பதாகக் கண்டனர். புதுப்பிப்பு நின்றாலும் சுரப்பு கூடுகிறது. அப்படியானால் முதுமை அடையாளம் உயர்ந்தால் எப்போதும் கேடு என்று சொல்லிவிட முடியாது.

எது முதுமை, எது நோய்?

முதியவர்களிடம் நடத்தும் வெளிப்பாட்டு ஆய்வின் அடிப்படை இடர்ப்பாடு இதுதான். எழுபது வயது நீரிழிவாளரை நாற்பது வயது நலமானவருடன் ஒப்பிட்டால் கிடைப்பது இரண்டின் கலவை. வயதொத்தவர்களை எடுத்துக்கொண்டாலும் வேறொன்று குறுக்கிடும். இந்தியர்களுக்கு நீரிழிவு ஐரோப்பியரைவிடப் பத்து ஆண்டுகள் அளவுக்கு முன்னதாகவே வருகிறது. அறுபத்தைந்து வயதில் ஆய்வுக்கு வரும் ஒருவர் இருபது ஆண்டுகளாகச் சர்க்கரையோடு வாழ்ந்தவராக இருக்கலாம். அவர் மெட்பார்மின் உண்பார், இரத்த அழுத்த மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும் உண்பார். இந்த மருந்துகளே பல மரபணுக்களின் வெளிப்பாட்டை மாற்றவல்லவை.

இன்னொன்று, இரத்தம். வெள்ளையணு எளிதில் கிடைக்கிறது என்பதால் பெரும்பாலான ஆய்வுகள் அதையே அளக்கின்றன. நோய் நிகழும் கணையத்தையோ ஈரலையோ உயிருள்ளவரிடமிருந்து அப்படி எடுக்க இயலாது. இறந்தவர்கள் கொடையாக அளித்த கணையங்களில் தனித்தனி உயிரணுக்களைப் படித்த 2017-ஆம் ஆண்டின் இசுடான்போர்டு ஆய்வு ஒன்று, வயதானவர்களின் உயிரணுக்களில் வெளிப்பாட்டின் ஒழுங்கே சிதறுவதைக் கண்டது. பக்கத்துப் பக்கத்து உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவது குறைந்திருந்தது. சராசரியை மட்டும் அளக்கும் இரத்தச் சோதனையில் இது தெரியவே தெரியாது.

மேலும், மேலே சொன்ன சென்னை ஆய்வுகள் சில பத்துப் பேரை ஒரே ஒரு தடவை பார்த்தவை. வெளிப்பாடு மாறியதால் நோய் வந்ததா, நோய் வந்ததால் வெளிப்பாடு மாறியதா என்பதை அத்தகைய ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. அதே முதியவர்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து அளந்தால்தான் அது தெரியும்.

சர்க்கரையின் நினைவு

வெளிப்பாடு மாறக்கூடியது என்றால் திரும்பவும் கூடியதா? இதற்கு இரு திசையில் சான்று உண்டு.

2008-இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் இரத்தக்குழாயின் உட்சுவர் உயிரணுக்களை 16 மணி நேரம் மிகுசர்க்கரைக் கரைசலில் வைத்துவிட்டு, பின்னர் இயல்பான சர்க்கரைக்கு மாற்றினர். சர்க்கரை இறங்கிய பின்னும் ஓர் அழற்சி மரபணுவின் உயர்ந்த வெளிப்பாடு ஆறு நாள்கள் நீடித்தது. இசுடோனில் பதிந்த குறி அழியவில்லை. அதே ஆண்டில் பிரித்தானியாவின் நீண்டகால நீரிழிவு ஆய்வு, நோய் தொடங்கிய காலத்தில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள், பிறகு அந்த வேறுபாடு மறைந்துவிட்டபோதும், பத்து ஆண்டுகள் கழித்தும் குறைவான சிக்கல்களையே அடைந்ததாக அறிவித்தது. உடல் பழைய சர்க்கரையையும் நினைவில் வைத்திருக்கிறது, பழைய கட்டுப்பாட்டையும் நினைவில் வைத்திருக்கிறது.

மற்றொரு திசையில் நிற்பது நோய்த்தடுப்பு ஆய்வுகள். இராமச்சந்திரன் குழு 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நோயின் விளிம்பில் இருந்த 531 பேர் கலந்துகொண்டனர். அறிவுரை மட்டும் பெற்றவர்களுள் மூன்று ஆண்டுகளில் 55 விழுக்காட்டினர் நீரிழிவாளர் ஆயினர். உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39.3 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் இவர்கள் 35 முதல் 55 வயதினர். முதியவர்களுக்கு இது பயன்படுமா என்ற ஐயத்துக்கு 2002-இன் அமெரிக்கத் தடுப்பு ஆய்வில் விடை உண்டு. வாழ்க்கைமுறை மாற்றத்தால் எல்லா வயதினருக்கும் சேர்த்து நோய் 58 விழுக்காடு குறைந்தது. அறுபதைக் கடந்தவர்களிடம் 71 விழுக்காடு. மெட்பார்மின் மட்டும் அந்த வயதினருக்கு ஏறக்குறையப் பயன்படவில்லை. 'இந்த வயதில் இனி எதற்கு' என்று சொல்லும் பாட்டிகளுக்கும் தாத்தாக்களுக்கும் பேரப்பிள்ளைகள் எடுத்துச் சொல்ல வேண்டிய எண் இது.

யாருடைய இரத்தம்?

கியூர்சின் மாதிரிகள் சென்னை மாநகரத்தைச் சேர்ந்தவை. ஊரகத்தில் குறிப்பிடத்தக்க முயற்சியாக, அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துச் சூணாம்பேட்டைச் சுற்றிய 42 ஊர்களில் நடமாடும் ஊர்தி கொண்டு 2006 முதல் நீரிழிவுப் பணி நடந்தது. அது நோயறிதலுக்கும் சிகிச்சைக்குமானது. வெளிப்பாட்டு ஆய்வு அன்று. நாடு தழுவிய முதியோர் ஆய்வான 'லாசி' 2017-இல் தொடங்கி, 45 வயது கடந்த 72,000-க்கும் மேற்பட்டோரைச் சந்தித்தது. உலர்ந்த இரத்தத் துளிகளையும் சேகரித்தது. 2025 சனவரியில் தரவு வெளியிடப்பட்ட 'ஜீனோம் இந்தியா' திட்டம் 10,000 இந்தியரின் மரபணுத் தொகுதிகளைப் படித்தது. அங்கும் படித்தது எழுத்தையே, வாசிப்பை அன்று.

ஊரக முதியவர்கள் விடுபடுவதற்குப் புறக்கணிப்பு மட்டும் காரணம் அல்ல. டி.என்.ஏ உறுதியானது, உலர்ந்த துளியிலும் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆர்.என்.ஏ அப்படியல்ல. இரத்தம் எடுத்த சில மணி நேரத்துக்குள் அது சிதையத் தொடங்கும். உயிரணுக்களும் ஊசிக்குழலுக்குள் இருந்தபடியே தம் வெளிப்பாட்டை மாற்றிக்கொள்ளும். உடனே வெள்ளையணுவைப் பிரித்துக் கழிவு எண்பது பாகையில் உறையவைக்க வேண்டும், அல்லது ஆர்.என்.ஏ-வைக் காக்கும் நீர்மம் நிரப்பிய, விலைகூடிய சிறப்புக் குழாயில் எடுக்க வேண்டும். குளிர்பெட்டியும் தடையற்ற மின்சாரமும் உள்ள ஆய்வகத்துக்கு அருகில் வாழ்பவரின் மரபணு வெளிப்பாடே ஆய்வுக்குள் வருகிறது.

2021 ஆகத்து 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். தமிழ்நாட்டின் ஊர்களில் முதியவர்களைத் தவறாமல் தேடிச் செல்லும் ஏற்பாடு இப்போது அது ஒன்றுதான் என்றே சொல்லலாம். ஆய்வு நிறுவனங்கள் அதனோடு கைகோத்து, அதே வாசலில் சிறப்புக் குழாய் ஒன்றையும் நீட்டினால், வெயிலில் உழைத்துக் கம்பங்கூழ் குடித்து வளர்ந்து, ஐம்பதுக்குப் பின் வெள்ளரிசிக்கு மாறிய ஒரு தலைமுறையின் மரபணு வெளிப்பாட்டை அது உயிரோடு இருக்கும்போதே படிக்கலாம். குருவிகுளத்திலிருந்து சென்னை ஆய்வகங்கள் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். நீர்மம் நிரப்பிய குழாயில் எடுத்தால், அந்தத் தொலைவை ஓர் இரவுப் பேருந்தில் கடக்கும்வரை ஆர்.என்.ஏ தாங்கும்.